நான்கு மூலை மஞ்சள்

நான் தமிழ் படிக்கக் கற்றது நோய்களின் வழியாக. பிறந்தது தில்லியில், பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும்தான். வீட்டில் தமிழ் பேசினோமே தவிர, எழுத்தைச் சொல்லித்தர அம்மாவிடம் பாடப்புத்தகம் ஏதும் இல்லை. ஊரிலிருந்து அவளுக்கு வரும் கடிதங்கள் இருந்தன. அவற்றை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்வாள். ஆடு, இலை என்று மற்ற குழந்தைகள் தொடங்கிய வயதில் நான் வாய்வு, மூச்சிரைப்பு, தலைசுற்றல், குதிகால் குடைச்சல் என்று தொடங்கினேன். ‘பித்தம்’ என்ற சொல்லைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த பிறகுதான் என் பெயரை எழுதத் தெரிந்தது.

இதைச் சிரிக்கச் சிரிக்கப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. அந்தக் கடிதங்கள் வருவது என்னால் நின்றது. எனக்கு அப்போது பத்து வயது.

கடிதங்களை எழுதியவள் மாயவரத்துக்குப் பக்கத்தில் இருந்த பெரியம்மா. அம்மாவுக்குக் கூடப்பிறந்த அக்கா இல்லை. இருவருடைய தாத்தாக்களும் அண்ணன் தம்பிகள், அவ்வளவுதான் உறவு. ஆனால் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர்கள், ஒரே ஜடைப்பின்னலோடு பள்ளிக்கூடம் போனவர்கள். ஒருத்தி கல்யாணமாகி உள்ளூரிலேயே தங்கிவிட்டாள். இன்னொருத்தி, என் அம்மா, அப்பாவின் மத்திய அரசு உத்தியோகத்தோடு ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தாள். ஊரிலிருந்து மாதம் இரண்டு இன்லண்ட் லெட்டர் வரும். இங்கிருந்து இரண்டு போகும்.

எல்லாக் கடிதமும் ‘இங்கு யாவரும் நலம்’ என்றுதான் தொடங்கும். அடுத்த வரியிலிருந்து யாருமே நலமாக இருக்க மாட்டார்கள். பெரியம்மாவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, பெரியப்பாவுக்குக் கண் மங்குகிறது, பசு கூட இரண்டு நாளாகச் சரியாகத் தின்னவில்லை. அம்மா தன் பங்குக்கு இடுப்பில் பிடிக்கும் வலியையும் குளிரில் வீங்கும் விரல்களையும் எழுதுவாள். பெரியம்மா தன் வாழ்நாளில் ஸ்வெட்டரையே தொட்டதில்லை. ஆனாலும் தில்லிக் குளிருக்கு வைத்தியம் எழுதுவாள். வேப்பெண்ணெயைச் சூடுபண்ணித் தடவு, வெந்நீரில் கல்லுப்பைப் போட்டு விரலை வை, ராத்திரி தயிர் சேர்க்காதே.

“ரெண்டு பேரும் சேர்ந்து தபால்லயே ஒரு ஆஸ்பத்திரி நடத்துறீங்க. பேஷன்ட்டும் நீங்கதான், டாக்டரும் நீங்கதான்” என்பார் அப்பா.

“உங்களுக்கு என்ன தெரியும்? டிஸ்பென்சரிக்குப் போன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு ஆபீஸ் போயிருவீங்க” என்பாள் அம்மா. கோபமாகச் சொல்ல மாட்டாள். கடிதம் வந்த நாளில் அம்மாவுக்குக் கோபமே வராது. கேட்காமலே எங்களுக்குக் கேசரி கிடைக்கும் நாள் அது.

குளிர்காலத்தில் குவார்ட்டர்ஸ் முன்னாலிருந்த புல்வெளியில் பஞ்சாபி அம்மாக்கள் வெயிலுக்குக் கட்டில் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அம்மாவும் போய் அவர்களோடு பட்டாணி உரிப்பாள், சிரிப்பாள். காய்கறி வண்டிக்காரரிடம் “பையா, ஜல்தி தோ”, சீக்கிரம் கொடு, என்று அதட்டும் அளவுக்கு அவளுக்கு இந்தி வந்திருந்தது. வலி எந்த இடத்தில் தொடங்கி எப்படித் தொடைக்கு இறங்குகிறது என்று இன்னொருத்தியிடம் சொல்லும் அளவுக்கு வரவில்லை.

எனக்குப் பத்து வயதான வருஷம் பெரியம்மாவின் மகளுக்கு, அதாவது அக்காவுக்கு, மாப்பிள்ளை தேடினார்கள். மன்னார்குடியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் அக்காவைப் பார்த்துப் பிடித்துப்போய்ப் பதிலுக்குக் காத்திருந்தார். அதே சமயம் அப்பாவின் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவனை அம்மா கண்டுபிடித்தாள். அவனுடைய பெற்றோர் லோதி காலனியில் இருந்தார்கள். பெரியம்மாவுக்குத் தில்லி மாப்பிள்ளைமேல்தான் மனசு. “நீ பக்கத்தில் இருக்கும்போது அவள் எந்த ஊரில் இருந்தால் எனக்கென்ன” என்று எழுதியிருந்தாள். அதைப் படித்துவிட்டு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது நினைவிருக்கிறது. மன்னார்குடிக்காரர்களுக்கு எத்தனை நாள்தான் பதில் சொல்லாமல் இழுப்பது என்றும் பெரியம்மா கேட்டிருந்தாள்.

அம்மா பதில் எழுதினாள். முக்கால் கடிதம் வழக்கம்போல இடுப்புவலி. கடைசியில் கல்யாண விஷயம். எழுத எழுத வாய்விட்டுச் சொல்வது அவள் வழக்கம், அதனால் எனக்கும் தெரியும். “லோதி காலனிக்காரர்கள் பேச்சைப் பார்த்தால் சம்மதம் என்றுதான் தோன்றுகிறது. வாயால் சொல்லட்டும் என்று காத்திருக்கிறோம். சொன்னதும் எழுதுகிறேன்.” ஒட்டி என் கையில் கொடுத்து, பள்ளிக்கூடம் போகும் வழியில் தபால்பெட்டியில் போடச் சொன்னாள்.

காலையில் மறந்துவிட்டேன். கடிதம் நோட்டுப் புத்தகத்துக்குள் கிடந்தது. மாலையில் என் வகுப்புப் பையன் ஒருவன், அன்று அவனுக்குப் பிறந்தநாள், மார்க்கெட்டில் எனக்குக் கச்சோரி வாங்கிக் கொடுத்தான். உள்ளே பருப்பு வைத்துப் பொரித்த கச்சோரியை இலைத் தொன்னையில் உடைத்துப் போட்டு, மேலே மஞ்சளாக உருளைக்கிழங்குக் குழம்பை ஊற்றித் தருவார்கள். தின்னும்போதுதான் கடிதம் நினைவுக்கு வந்தது. தொன்னையை ஒரு கையில் பிடித்துக்கொண்டே இன்னொரு கையால் கடிதத்தை உருவினேன். தொன்னை சாய்ந்தது. இன்லண்ட் லெட்டரின் ஒரு மூலையில் குழம்பு.

துடைத்தேன். நீலத்தாளில் மஞ்சள் இன்னும் பரவியதே தவிரப் போகவில்லை. “அரே, குச் நஹீ ஹோத்தா”, ஒன்றும் ஆகாது, என்று சொல்லிவிட்டு நண்பன் தன் கச்சோரியில் கவனமானான். அவனுக்கு என்ன. காலையிலேயே போடவில்லை என்பதும், வீட்டுக்குத் தெரியாமல் கடையில் தின்றேன் என்பதும் ஒரே மூலையில் எழுதி ஒட்டியதுபோல எனக்குத் தெரிந்தது. இதைப் பார்த்துப் பெரியம்மா கட்டாயம் கேட்டு எழுதுவாள்.

அப்போது ஒன்று தோன்றியது. எங்கள் வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகளின் நான்கு மூலையிலும் மஞ்சள் இருக்கும். அவற்றை யாரும் அழுக்கு என்று சொன்னதில்லை. சாமி படத்துக்கு முன்னால் வைப்பார்கள். ஒரு மூலையில் இருந்தால்தானே கறை? தொன்னையின் அடியில் மிச்சமிருந்த குழம்பில் விரலைத் தோய்த்து மற்ற மூன்று மூலைகளுக்கும் வைத்தேன். அளவு ஒன்றுபோல் வர வேண்டும் என்று முதல் மூலையையும் கொஞ்சம் திருத்தினேன். வெயிலில் காட்டி, ஊதி, காய்ந்ததும் பெட்டியில் போட்டேன். என் புத்திசாலித்தனத்தில் எனக்கே சந்தோஷமாக இருந்தது. மிச்சக் கச்சோரியையும் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

பத்து நாளில் பதில் வந்தது. அந்தக் கடிதத்தில் ஒரு நோய்கூட இல்லை. வாசித்துக்கொண்டிருந்த நான் பாதியில் நிறுத்திவிட்டேன். அம்மா வாங்கி அவளே படித்தாள். கடிதத்தை ஒட்டிய பிறகு சம்மதம் வந்திருக்கிறது, பிரிக்க மனமில்லாமல் மேலே மஞ்சள் தடவி அனுப்பிவிட்டாய், உன் சாமர்த்தியமே சாமர்த்தியம் என்று பெரியம்மா எழுதியிருந்தாள். மன்னார்குடிக்கு அன்றைக்கே ஆள் அனுப்பி வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டதாம்.

“மஞ்சளா? நான் எங்கடா மஞ்சள் தடவுனேன்?” அம்மா என்னைப் பார்த்தாள். “போற வழியில யார்கிட்டயாவது குடுத்தியா?”

“இல்லம்மா. நான்தான் போட்டேன்.”

இரண்டு வாக்கியமும் உண்மை. வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய் இந்த இரண்டு உண்மைகள்தான்.

“உங்க அக்காவுக்குக் கண்ணாடி பவர் ஏறிடுச்சு போலருக்கு. நீலக் கலரெல்லாம் மஞ்சளாத் தெரியுது” என்றார் அப்பா. அம்மா சிரிக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் லோதி காலனியிலிருந்து, பையனுக்கு இரண்டு வருஷம் போகட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா ஊருக்கு எழுதினாள். நான் மஞ்சள் தடவவில்லை அக்கா, சத்தியமாக இல்லை என்று எழுதினாள். பெரியப்பா திரும்ப மன்னார்குடிக்கு நடையாக நடந்தார். வாத்தியாருக்கு அதற்குள் வேறு இடத்தில் நிச்சயமாகியிருந்தது. பெரியம்மாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நான்கே வரி. நான்கு மூலையையும் கண்ணால் பார்த்தேன், வீட்டில் எல்லாரும் பார்த்தார்கள், நான் பொய் சொல்கிறேன் என்றால் அப்படியே இருக்கட்டும். ‘இங்கு யாவரும் நலம்’ என்ற வரி அதில் இல்லை. அம்மா இன்னும் இரண்டு கடிதம் போட்டாள். பதில் வரவில்லை. அதன்பின் அவளும் எழுதவில்லை.

தினமும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அடிக்குப் பயந்து சொல்லவில்லை என்றுதான் வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மா என்னை அடித்ததே இல்லை. சொல்ல வேண்டிய நாள் கொஞ்சம் தள்ளிப்போனது, பிறகு ரொம்பத் தள்ளிப்போனது, பிறகு பரீட்சை வந்தது. பெரியம்மாவும் அம்மாவும் அதற்குப் பிறகு ஒரே ஒரு கல்யாணத்தில் சந்தித்துக்கொண்டார்கள். மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள், சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டார்கள். இருவரும் இப்போது இல்லை.

போன குளிர்காலத்தில் அக்கா தன் பேரன் வீட்டுக்குத் தில்லி வந்திருந்தாள். எண்பதைத் தாண்டியவள். ஜனக்புரியில் என் வீட்டுக்கும் வந்தாள். பால்கனி வெயிலில் அவளை உட்காரவைத்து, காபி கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். கச்சோரியைக்கூட விடவில்லை. கதை முடியும்வரை டம்ளரைக் கீழே வைக்காமல் கேட்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் இருமல் வந்துதான் நிறுத்தினாள்.

“அதான் பெருங்காய வாசம் அடிச்சுதா? அதை நாங்க சாமி படத்துக்கிட்ட வச்சு, சூடம் கொளுத்திக் கும்பிட்டோம்டா.”

“அக்கா, உன் கல்யாணம் என்னாலதானே...”

“அந்த வாத்தியாரா? விடுடா. மூணு வருஷம் வீட்டுல சும்மா இருக்கப் பிடிக்காம டீச்சர் டிரெயினிங் போனேன். அங்கதான் உங்க அத்தான் கிடைச்சார். நாலு பிள்ளைங்க, ஒரு குறையும் இல்ல.”

எனக்கு மூச்சு லேசானது. அறுபது வருஷமாக அந்த வாத்தியாரை நான் சுமந்துகொண்டிருந்திருக்கிறேன். காபியைக் குடித்து முடித்துவிட்டு அக்கா இன்னொன்றும் சொன்னாள். சிரிக்காமல் சொன்னாள்.

“எங்கம்மாவுக்கு மாப்பிள்ளை போனது வருத்தமில்லடா. ஆமாக்கா, அவசரப்பட்டுத் தடவிட்டேன்னு உங்கம்மா ஒரு வார்த்தை எழுதியிருந்தா அடுத்த நாளே மறந்திருப்பாங்க. தடவவே இல்லன்னு சாதிக்கிறாளேன்னுதான் அழுதாங்க. நீ அப்பவே சொல்லியிருந்தா ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாங்க.”

அவள் போன பிறகு காபி டம்ளரைக் கழுவி வைத்தேன். எனக்கு நினைவுக்கு வந்தது கல்யாணம் இல்லை. கடிதங்கள் நின்ற பிறகு வந்த குளிர்காலம். அம்மா வேப்பெண்ணெய் காய்ச்சவில்லை. விரல் வீங்கியிருக்கிறது என்று யாரிடமும் சொல்லவில்லை. புல்வெளியில் பட்டாணி உரித்தாள், எங்களுக்குச் சமைத்துப் போட்டாள், எப்போதும்போலச் சிரித்தாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் எனக்கென்ன என்பாள். ஒருநாள் மாலை பால் பாத்திரத்தைத் தூக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றாள். என்னம்மா என்றேன். ஒன்றுமில்லை என்றாள். வீட்டில் வலியைப் பற்றிய பேச்சே இல்லாமல் போயிருந்தது. அம்மாவுக்கு எல்லாம் குணமாகிவிட்டது என்று நினைத்து, நான் சந்தோஷமாக விளையாடப் போனேன்.