பிஸ்மில்லாவுக்கு மேலே ஒரு சுழி

அடுத்தவர் எழுதியதைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பிழைக்கும் டிடிபி தொழிலில், எழுதியவரை விட்டுவிட்டுத் தட்டியவனைத்தான் முதலில் பிடிப்பார்கள் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

ஆறாவது அத்தியாயம்

தொண்ணூறுகளின் நடுவில் மேற்கு மாம்பலத்தில் கடை போட்டிருந்தேன். ஓய்வுபெற்ற பொருளாதாரப் பேராசிரியர் காதர் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார். இஸ்லாமிய மறுமலர்ச்சியும் பொருளாதார வளர்ச்சியும் பற்றிய நூல், எட்டு வருட உழைப்பு. மார்க்கத்தை விடாமலே பெண்கள் படிக்கலாம், தொழில் செய்யலாம், அவர்களை உட்காரவைத்துவிட்டுச் சமுதாயம் வளராது என்றது ஆறாவது அத்தியாயம். எனக்கே பயமாக இருந்தது. "உங்க ஆளுங்க ஒத்துப்பாங்களா சார்?" என்றேன்.

"ஒத்துக்கிட்டாங்கன்னா நான் எதுக்குத் தம்பி எழுதணும்?"

காகிதம் கொடுத்தவர்

நூலுக்குக் காகிதம் இலவசமாகத் தந்தவர் வியாபாரி ஜமால் பாய். புரூஃப் பார்க்க வந்தவர், ஆறாவது அத்தியாயத்தைத் தூக்கச் சொன்னார். பேராசிரியருக்குப் போன் போட்டேன். ஒரு வரிகூட எடுக்கக்கூடாது என்றுவிட்டார். ஜமால் பாய் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"புக்குல ஒரே ஒரு தப்பு கண்ணுல படட்டும், அப்பால கீது கச்சேரி!"

அரை விரல்

எந்த வேலை ஆரம்பித்தாலும் முதல் பக்க உச்சியில் பிள்ளையார் சுழி போடுவது என் பழக்கம். அச்சுக்குப் போகுமுன் அழித்துவிடுவேன். இந்த முறை பயத்தில் ஆறாவது அத்தியாயத்தையே நான்கு தடவை சரிபார்த்தேன், 'இறைவன் பெயரால்' என்று பிஸ்மில்லாவோடு தொடங்கும் முதல் பக்கத்தை மறந்தேன்.

அச்சான பிறகு ஒரு நாள் மாலை தேனாம்பேட்டையில் வெளியீட்டு விழா. அன்று காலையில் நாங்கள் மூவரும் போன பைண்டிங் கடையில் அட்டை ஒட்டிய ஆயிரம் பிரதிகள் ஓரம் வெட்டக் காத்திருந்தன. ஜமால் பாய் ஒன்றைப் பிரித்தார். "பிஸ்மில்லாவுக்கு மேல புள்ளையார் சுழியா? ஒரு புக்கு வெளிய போவாது!"

"என் தப்பு சார்" என்றேன். பேராசிரியர் அந்தப் பக்கத்தின் மேல் ஓரத்தை விரலால் அளந்தார். எட்டு வருடத்தை அரை நிமிடத்தில் கெடுத்துவிட்டோமே என்று எனக்கு அழுகையே வந்தது. அவர் வெட்டுபவரிடம், "மேல் ஓரத்துல இன்னும் எவ்வளவு வெட்டலாம்?" என்றார். "அரை விரல் வெட்டலாம் பாய்." கத்தி இறங்கியது. சுழி குப்பையில் விழுந்தது. ஜமால் பாய் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார், வேறெதுவும் அகப்படவில்லை. பேராசிரியர் ஒரு பிரதியை என் கையில் வைத்தார்.

"புக்கு உயரம்தான் தம்பி குறைஞ்சுது, ஆறாவது அத்தியாயம் அப்படியே இருக்கு."

இன்றும் சுழி போடாமல் நான் எந்த வேலையையும் தொடங்குவதில்லை, ஆனால் கத்திக்கு எட்டுகிற இடமாகப் பார்த்துத்தான் போடுகிறேன்.