டிரம்பெட்டுக்கு ஊற்றிய எண்ணெய்

"…லைட்டரைக் காட்டுனா ஒரே நிமிசத்துல இளகிடும், கொண்டாடா இங்க அத" என்று பேண்டு மாஸ்டர் கை நீட்டியபோது, தை மாத விடியற்காலைப் பனியில் மலை பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது. தேரடித் தெருவில் நின்றுபோன கல்யாண ஊர்வலம் மொத்தமும் என் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கோ மூக்கில் மண்ணெண்ணெய் வாசம் குப்பென்று ஏறியது. அங்கே பக்கத்தில் எங்கும் மண்ணெண்ணெய் இல்லை. ஆனாலும் ஏறியது. ஏனென்று சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அப்பா "பேண்டு செட்டு"க்காரர். மற்ற நாட்களில் அச்சகத்தில் வேலை, முகூர்த்த நாட்களில் சிவப்புக் கோட்டும் டிரம்பெட்டும். டிரம்பெட்டின் நடுவில் விரலால் அழுத்துகிற மூன்று வால்வுகள் இருக்கும். அழுத்தினால் இறங்கி, விட்டால் அந்தக் கணமே துள்ளி மேலே வர வேண்டும், வராவிட்டால் பாட்டு கெட்டது. அதற்குத்தான் எண்ணெய். அதற்கென்றே தனி எண்ணெய் சென்னையில் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டதோடு சரி, செட்டில் யாரும் கண்ணால் கண்டதில்லை. ரேஷன் "கிஸ்ணாயிலை"த்தான் எல்லோரும் ஊற்றினார்கள். எங்கள் பக்கம் மண்ணெண்ணெய்க்கு அதுதான் பேர். அப்பா வால்வைத் திருகி எடுத்து, நாலு சொட்டு விட்டு, திரும்பப் போட்டு அழுத்திப் பார்த்து, "இன்னா ஓட்டம் பாரு, எலிக்குட்டி மாதிரி" என்பார். பிறகு வாசலுக்குப் போய் ஒரு பீடியைப் பற்றவைப்பார்.

அந்தப் பீடியைத்தான் என்னால் பார்க்க முடியாது. முந்தின மழைக்காலத்தில் எதிர்வீட்டு சரசா அக்காவை ஈரச் சாக்கில் சுற்றி ஆட்டோவில் ஏற்றியதை நான் பார்த்திருந்தேன். "ஸ்டவ்வு வெடிச்சிடுச்சாம்" என்று தெருவே சொன்னது. சொன்ன ஒவ்வொருவரும் அதோடு வாயை மூடிக்கொண்டார்கள். அக்கா திரும்பி வரவில்லை. அன்று முதல் அந்த வாசம் வந்தால் பக்கத்தில் எங்கே நெருப்பு இருக்கிறது என்று தேடுவேன். அப்பா வாசித்துவிட்டு வந்து என்னை அள்ளிக் கொஞ்சும்போது அவர் மீசையில் அதே வாசம் இருக்கும். மூச்சு விட்டு மூச்சு இழுத்து ஊதுகிறவர் ஆயிற்றே, உள்ளே வயிறு நிறைய கிஸ்ணாயில் சேர்ந்திருக்கும், பீடி நெருப்பு ஒரு பொறி உள்ளே போனால் போதும் என்று எனக்கு நானே முடிவு கட்டியிருந்தேன். ஊர்வலத்தில் பக்கத்திலேயே பட்டாசு வேறு. அவர் வாசிக்கப் போன நாட்களில், தெருவில் ஆட்டோ சத்தம் கேட்டாலே ஓடிப்போய்த் தண்ணீர்க் குடத்தின் பக்கத்தில் நின்றுகொள்வேன்.

"இன்னாடி, குடத்துக்குக் காவலா?" என்று கேட்ட அம்மாவிடம் ஒருநாள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அப்பா முதலில் சிரித்தார். "நாலு சொட்டுக்கு இன்னா ஆவும் பாப்பா?" என்றார். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது.

அப்புறம் எங்கள் வீட்டில் எண்ணெய் தேடும் படலம். அம்மாவின் தையல் மெஷின் எண்ணெயை முதலில் விட்டுப் பார்த்தார். "போவுது, வரமாட்டேங்குதே! உன் தம்பி கடைக்குப் போன மாதிரி" என்று அம்மாவைச் சீண்டினார். விளக்கெண்ணெய் விடலாமா என்று அம்மா கேட்டதற்கு, "வுட்டா இதுக்கும் வயித்தால போவும்" என்றார். கடைசியில் அம்மாவே, "எண்ணெய்னா தேங்காண்ணெய்தான், மத்ததெல்லாம் சும்மா பேருக்கு எண்ணெய்" என்று தீர்ப்புச் சொல்லி பாட்டிலை நீட்டினாள். மத்தியான வெயிலில் வால்வு அருமையாக ஓடியது. அப்பா ஒரு பாட்டை ஊதி முடித்து என் முகத்தருகே வாயைத் திறந்து, "இப்ப மோந்து பாரு" என்றார். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டது போல வாசம். எனக்குப் பயம் பாதியாகக் குறைந்தது.

மார்கழி, தை விடியற்காலையில் அந்த எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்து கிடப்பதும், அதை வெயிலில் வைத்து இளக்கித்தான் தலையில் தேய்ப்பதும் எங்கள் மூவருக்கும் தெரியாததா? தலைக்கு என்றால் தெரியும். டிரம்பெட்டுக்கு என்றபோது ஒருவருக்கும் தோன்றவில்லை.

தெரிந்தவர்கள் வீட்டுக் கல்யாணம் என்பதால் அன்றைக்குச் சீர்வரிசை ஊர்வலத்தில் நானும் கூடப் போயிருந்தேன். மாப்பிள்ளை வீட்டாருக்காகத் தேரடியில் வெகுநேரம் நின்றதில் பித்தளை ஜில்லிட்டுப்போனது. மறுபடி ஊதத் தொடங்கியதும் நடு வால்வு இறங்கியது, ஏறவில்லை. கன்றுக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம் வந்தது. "இன்னாய்யா, கல்யாணமா எழவா?" என்று பெண்ணின் மாமா கத்தினார்.

மாஸ்டர் அடி அண்ணாமலை ஊர்க்காரர், குள்ளமான மனுஷர், முழுச் செட்டும் அவருக்கு நடுங்கும். முன்பொரு தரம் கிளாரினெட்காரரின் கோட்டை நடுரோட்டிலேயே கழற்றி வாங்கிக்கொண்டு அனுப்பியவர். வால்வின் தலையைத் திருகிப் பார்த்து, விரலில் ஒட்டிய வெள்ளையைக் காட்டி, "இன்னாடா இது, வெண்ணெயா?" என்றார்.

"தேங்காண்ணெய் மாஸ்டர்."

"தலைக்கு வைக்கிறத இதுக்கு வச்சியா? இன்னிக்கு இது பாடலன்னா கோட்டக் கழட்டி வச்சிட்டு வூட்டுக்குப் போயிடு" என்று சொல்லித்தான் லைட்டர் கேட்டார். யாரோ கொடுத்தார்கள். நான் ஓடிப்போய் அப்பாவின் கையிலிருந்த டிரம்பெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "வாணாம்! உள்ள கிஸ்ணாயில் கீது! அப்பா வயித்துலயும் கீது!"

கூட்டம் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. "எதிர்வூட்டுல ஸ்டவ்வு வெடிச்சி… இவ பாத்துட்டா மாஸ்டர்" என்று மட்டும் சொன்னார். மாஸ்டரின் கட்டைவிரல் லைட்டரின் சக்கரத்தில் இருந்தது.

இப்போது வேங்கிக்காலில் இருக்கிறோம். பள்ளிக்கூட பேண்டில் டிரம்பெட் வாசிக்கிற என் மகளுக்கு, வால்வுக்கென்றே செய்த எண்ணெய் சின்ன பாட்டிலில் கூரியரில் வருகிறது. பம்ப் ஸ்டவ் போயிற்று, கிஸ்ணாயில் வாங்க நிற்கும் வரிசை போயிற்று, அப்பாவின் பீடியும் போயிற்று, சரசா அக்கா வீடு இருந்த இடத்தில் லாட்ஜ் வந்துவிட்டது. ஆனாலும் மகள் அந்த மூடியைத் திறந்தால், நான் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். ஒவ்வொரு தரமும் மாஸ்டரின் அந்தக் கட்டைவிரல் கண்முன் வந்து நிற்கும்.

அன்றைக்குத் தேரடியில் அவர் என்னைப் பார்த்தார். லைட்டரைக் கொடுத்தவனிடமே தூக்கிப் போட்டார். "டிரம்மு மட்டும் அடிச்சிக்கினே நடங்கடா" என்றார். பிறகு தன் கோட்டின் பொன் நிறப் பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, பனியனுக்குள்ளே, அக்குளோடு அந்த ஜில்லிட்ட டிரம்பெட்டைச் செருகி, "ஸ்ஸ்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு, கைப்பிள்ளையை அணைத்தது போல இறுக்கிக்கொண்டு ஊர்வலத்தின் முன்னால் நடந்தார். நடந்துகொண்டே கோட்டுக்குள் விரலை விட்டு அழுத்தி அழுத்திப் பார்த்தார். கோயில் மதில் திருப்பத்தில் வால்வு துள்ளி மேலே வந்ததும் அதை வெளியே எடுத்து, வாய் வைக்கிற இடத்தைத் தன் கோட்டுக் கையில் துடைத்து, அப்பாவிடம் நீட்டி, "வாசிடா" என்றார்.