சாரலில் படுத்துக் குறி பார்த்த கதை

துப்பாக்கிப் போட்டி என்றால் ஏதோ படபடவென்று வெடித்துத் தள்ளுகிற சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். முக்கால்வாசி நேரம் ஈரத் தரையில் குப்புறப் படுத்து அசையாமல் கிடப்பதுதான் அதில் வேலை. ஊர் சிரிக்கிற ஒரு காரியத்தின் மேல் ஆசை வைத்து மாட்டிக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். கல்யாணத்துக்கு அப்புறம் பாட்டு வாத்தியார் வைத்துக்கொண்டவர்கள், புடவையோடு சைக்கிள் பழகி விழுந்து எழுந்தவர்கள், எல்லாரும் இப்படிக் கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள். நம்ம பாடு நமக்குத்தானே தெரியும்!

ஆரம்பித்து வைத்தவர்

எங்க வீட்டுக்காரர் அப்போது தென்காசியில் காட்டிலாகா ரேஞ்சர். குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற வழியில், மலையடிவாரத்தில் ஒரு ரைபிள் கிளப் இருந்தது. சீசனுக்கு வருகிற ஜட்ஜுகளும் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் சேர்ந்து நடத்தினார்கள். இவரும் அதில் மெம்பர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்க்கப் போன என்னை, "சும்மா ஒரு தடவை சுட்டுத்தான் பாரேன்" என்றார்.

சுட்டேன். போய்ப் பார்த்தால் குறி வைக்கிற காகிதக் கார்டில் குண்டெல்லாம் நடுக் கறுப்பிலேயே ஒண்ணு மேல் ஒண்ணாகக் கிடக்கிறது. மனுஷர் என் கார்டைப் பார்த்தார், தன் கார்டைப் பார்த்தார், துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குப் பயமாகிவிட்டது. வீட்டு வாசலில் வண்டியை விட்டு இறங்கினதும் சொன்னார்.

"கோமதி, இனிமே நீ சுடு. நான் சோறாக்குதேன்."

கண்ணாடி வளையல்

அவர் ஒருநாளும் சோறாக்கவில்லை, அது கிடக்கட்டும். எனக்கு வந்த முதல் கஷ்டம் வளையல். விசையில் விரலை வைத்து மூச்சை நிறுத்துவேன் பாருங்கள், அந்த நேரம் பார்த்துக் கலீர் என்கும். மனசு வளையலுக்குப் போய்விடும், குண்டு மலைக்குப் போய்விடும். கழற்றி வைத்துவிட்டுச் சுடலாமே என்று மாமியாரிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில வெறுங்கையா? நல்லாருக்குட்டி!" என்று ஒரே போடாகப் போட்டார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலையில் தன் மகனுடைய கம்பளிக் காலுறை ஒன்றை எடுத்தார். கத்திரிக்கோலால் பாதத்தை வெட்டி எறிந்தார். மிச்சத்தை என் கையில் மாட்டி, வளையலை எல்லாம் அதற்குள் அமுக்கி, கையைப் பிடித்து நாலு உலுக்கு உலுக்கினார். சத்தம் இல்லை.

"வளையலும் கெடக்கு, சத்தமும் போச்சு. இப்பம் போய்ச் சுடுட்டி!"

பன்றி

ரேஞ்சர் சம்சாரம் சுடுகிறாள் என்ற சேதி பண்பொழி வரை போயிருக்கிறது. ஒரு நாள் அங்கே இருந்து ஒரு அண்ணாச்சி வந்து நின்றார். மலையில் இருந்து இறங்குகிற பன்றி அவர் வயலை உழுது போட்டுவிடுகிறதாம். நான் வந்து ஒரு வெடி வைத்தால் புண்ணியமாகப் போகுமாம். நான் சுடுவது காகிதத்தை, அது மரச் சட்டத்தில் மாட்டி இருக்கும், ஓடாது, ஓடுகிறதைச் சுட எனக்குத் தெரியாது என்று பொறுமையாக விளக்கினேன்.

அவர் நான் கொடுத்த மோரைக் குடித்து முடித்தார். செம்பைக் கீழே வைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஓடாத பன்னின்னா நானே கம்பால அடிச்சிருவேனே, தாயி!"

சோப்புப் பெட்டி

சீசனில் பெண்களுக்கென்று தனியாக ஒரு போட்டி வைப்பார்கள். தூரம் பாதி. சுடுகிறது நானும் இரண்டு துரைசானிகளும். பரிசு ஒரு பீங்கான் சோப்புப் பெட்டி. இரண்டு வருஷம் ஜெயித்தேன். வீட்டில் சோப்புப் பெட்டி இரண்டு, சோப்பு ஒன்று.

பெரிய போட்டி வேறு. அதில் ஜெயித்தவரை மெட்ராஸில் நடக்கிற மாகாணப் போட்டிக்கு அனுப்புவார்கள். எனக்கு அந்த மெட்ராஸ் வேண்டும். நகை கேட்டு நான் வீட்டில் அடம் பிடித்ததில்லை. ஆனால் இதை நினைத்தால் தூக்கம் வராது. நம்ம கை எந்த மட்டம் என்று ஒரு தடவையாவது தெரிந்துகொள்ள வேண்டாமா? கிளப் செக்ரட்டரி தென்காசி வக்கீல், நல்ல மனுஷர்தான். போய் என் பெயரையும் பெரிய போட்டியில் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து பதில் சொன்னார்.

"உங்ககிட்ட தோத்துட்டு நாங்க எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போறதும்மா?"

காய்ச்சல் செய்த உபகாரம்

அன்றைக்கு நேரே பேரருவிக்குப் போய்த் தலையைக் கொடுத்து நின்றேன். அருவிக்கடியில் அழுவதில் ஒரு சௌகரியம், பக்கத்தில் நிற்கிறவளுக்குக்கூடத் தெரியாது. அழுது முடித்து, தலை துவட்டி, வீட்டுக்கு வந்து மறுபடியும் பயிற்சிக்குப் போய்விட்டேன். வேறென்ன செய்ய?

அடுத்த சீசனில் மலைக்காய்ச்சல் பிடித்துக்கொண்டது. எங்க வீட்டுக்காரர் உட்படக் கிளப்பில் பாதிப் பேர் கம்பளிக்குள்ளே கிடந்தார்கள். ஆள் குறைந்தால் பெரிய போட்டியே நடத்த முடியாது, மெட்ராஸுக்கு யாரையும் அனுப்ப முடியாது. சாரலில் குடையைப் பிடித்துக்கொண்டு செக்ரட்டரி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். "ரேஞ்சருக்குப் பதிலா அம்மா வரலாம்" என்றார். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல் இருந்தது. அதற்குள் அடுக்களையில் இருந்து என் மாமியாரின் குரல் வந்தது. போன வருஷம் வக்கீல் சொன்னதை நான்தான் மாமியாரிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்திருந்தேனே!

"போன வருசம் இல்லாத மூஞ்சி இப்பம் மட்டும் எங்கன இருந்து வந்துச்சு, வக்கீலய்யா?"

இருபது ஓட்டை

போட்டி அன்று காலையில் இருந்தே செங்கோட்டைக் கணவாய்க் காற்று. ஆளுக்குப் பத்துக் குண்டு. எனக்கு வலது பக்கத்தில் செக்ரட்டரி படுத்திருந்தார். முதல் குண்டு சுடுவதற்குள் சாரல் இறங்கி, கார்டுக்கு மேலே எழுதியிருந்த நம்பரை எல்லாம் மறைத்துவிட்டது. காற்று ஓயட்டும் என்று காத்துக் கிடக்கையில் கணுக்காலில் ஏதோ ஊர்ந்தது. அட்டை! உதறினால் உடம்பு அசையும், பிடித்து வைத்த குறி போகும். குடிச்சுத் தொலை என்று விட்டுவிட்டேன்.

கார்டுகளை எடுத்து வந்தார்கள். செக்ரட்டரியின் கார்டு வெள்ளாவியில் வைத்து எடுத்த வேஷ்டி மாதிரி இருந்தது. ஒரு ஓட்டை இல்லை. என் கார்டில் இருபது. சாரலில் தடம் மாறி அவர் பத்தையும் என் கார்டில் சுட்டிருக்கிறார். அதில் பத்து நடுவில் ஒரே கும்பலாகவும், பத்து அம்மை போட்ட மாதிரி சிதறியும் கிடந்தன. அடுத்தவர் கார்டில் சுட்டவருக்கு மார்க்கு சுழி, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் என்னுடைய பத்து எது? நடுவராக இருந்த ரிட்டயர்டு ஜட்ஜ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "கும்பல் நம்ம வக்கீலுது, சிதறினது அம்மாவுது, பார்த்தாலே தெரியுதே" என்றார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். காலில் ரத்தம் ஓடுகிறது, மெட்ராஸ் கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கிறது.

செக்ரட்டரி பேசாமல் இருந்திருந்தால் போதும். சுழி வாங்கினாலும் கெட்டிக்காரர் என்ற பெயர் மிஞ்சியிருக்கும். அவர் அந்தக் கார்டைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஜட்ஜிடமே திருப்பிக் கொடுத்தார்.

"கும்பல் அம்மாவுதுதான். நான் இத்தனை வருசமாச் சுடுதேன், என் குண்டு ஒண்ணுக்கொண்ணு பேச்சுவார்த்தையே கிடையாதுய்யா."

மெட்ராஸ்

பெரிய போட்டியில் முதல் இடம் எனக்குத்தான். ரயிலில் போனோம். காய்ச்சல் விட்டும் விடாமலும் இருந்த வீட்டுக்காரர் மருந்துப் புட்டியோடு கூடவே வந்தார். அங்கே கடற்காற்று, அது எப்போது திரும்பும் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. கையில் காலுறையைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். பதினோராவதாக வந்தேன். என் மட்டம் எனக்குத் தெரிந்துவிட்டது, அதில் ஒரு நிம்மதிதான். ஆனாலும் தென்காசி ஸ்டேஷன் நெருங்க நெருங்க, ஊர் கேட்டால் என்ன சொல்வது என்று கவலையாகிவிட்டது.

மாமியார் வாசலிலேயே நின்றார். "எத்தனாவதுட்டி?" "பதினொண்ணு, அத்தை." "பொம்பளையள் எத்தனை பேரு வந்திருந்தாவ?" "நான் ஒருத்திதான்." அவ்வளவுதான். என் கைப்பெட்டியைக்கூட வாங்காமல் தெருவில் இறங்கி, எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாவற்றுக்கும் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார்.

"ஏ, கேட்டியளா! மெட்ராஸுல பொம்பளையள்ல எங்க மருமவதான் மொதலாவது!"

ஆக, ஒரு அங்குலம்கூட அசையாமல் படுத்துக் கிடந்தே மெட்ராஸ் வரைக்கும் போய்வந்தவள் எங்கள் தெருவில் நான் ஒருத்திதான்.