சிவப்புக்குப் பின்னால் மஞ்சள்

பழைய கேமரா சாமான் சேர்க்கும் நண்பர் தோல் உறையைத் திறந்ததும் வந்த பூஞ்சை வாசனை, சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் இடித்துவிட்ட போட்டோ ஸ்டூடியோவின் வாசனையேதான்; மருந்து நெடியும் ஈரத் திரைச்சீலையுமாக இருந்த அங்கேதான் அம்மா தினமும் தரை துடைத்தாள். "லென்சுல மாட்டுற மஞ்சக் கண்ணாடி எங்க? நீதான எடுத்த?" என்று கேட்டு முதலாளி ஒருநாள், படமெடுக்க வந்தவர்கள் முன்னால், சிறுவனான நான் பார்த்துக்கொண்டிருக்க, அவள் முந்தானையை உதறச் சொன்னார். உதறினாள். ஒரு வெற்றிலை விழுந்தது. வேலையும் போயிற்று.

"சிராங்கூன் ரோட்டுல இடிச்ச ஸ்டூடியோ சாமான்தான், அபூர்வம் லா" என்று நண்பர் நீட்டிய சிவப்புக் கண்ணாடியின் விளிம்பு தடித்திருந்தது. திருகினேன். பின்னாலிருந்து மஞ்சள் கழன்று வந்தது. முதலாளி தானே சேர்த்துத் திருகிவிட்டு மறந்தது. சிவப்புக்குப் பின்னால் மஞ்சள் தெரியாது.

"ரெண்டு இருக்காண்ணே! அதிர்ஷ்டம் லா!" என்று நண்பர் துள்ளினார்.

யாரையும் எதிர்த்து வாய் திறக்காத நான், முதலாளி உயிரோடிருந்தால், நடுரோட்டில் அவர் வேட்டியை உதறச் சொல்லியிருப்பேன்.