மரியாதைக்கு ஒரு லி

பிரிக்பீல்ட்ஸ் போகும் ரயிலில் பக்கத்தில் நின்ற பெண் கைப்பேசியில், "ஐ ஹார்ட்லி ஈட், மா" என்றாள். அவளுக்குச் சாப்பிடவே நேரமில்லையாம். எனக்குச் சூடான இஸ்திரித் துணியின் வாசம் வந்தது.

பண்டமாரான் வீட்டில் அக்கா முதல் வேலைக்கான நேர்காணலுக்குக் கிளம்பிய காலையின் வாசம் அது. கிடைக்காவிட்டால் கல்யாணப் பேச்சைத் தொடங்கிவிடுவார்கள். சட்டைக்கு இஸ்திரி போட்டபடியே, "ஐ வொர்க் ஹார்ட், சார்" என்று சொல்லிப் பார்த்தாள். லோரி ஓட்டும் அப்பா கோப்பியைக் கீழே வைத்தார்.

"ஹார்டுன்னு மொட்டையா சொல்லாதம்மா. பெரியவங்கள வான்னா கூப்புடுவோம்? வாங்கன்னுதானே கூப்புடுவோம். அது மாதிரி ஒரு லி சேத்துக்கோ. ஹார்ட்லி."

அக்கா அப்படியே சொல்லியிருக்கிறாள். சீன முதலாளி விழுந்து விழுந்து சிரித்து, "அப்படின்னா வேலையே செய்யறதில்லைன்னு அர்த்தம்லா" என்று ஆங்கிலத்தில் விளக்கினாராம். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டதற்கு அவள் அப்பாவைக் காட்டிக்கொடுக்கவில்லையாம். ஆனாலும் திங்கட்கிழமையே வரச் சொல்லிவிட்டார். இதையெல்லாம் என்னிடம் மட்டும்தான் சொன்னாள்.

அன்று அவள் திரும்பியதும் வாசலிலேயே அப்பா கேட்டார். "லி சேத்தியா?"

"சேத்தேம்பா. அதனாலதான் கெடச்சுது."

அதன்பிறகு அப்பா பெரியவர்களிடம் லி இல்லாமல் ஆங்கிலம் பேசியதில்லை. டாக்டரிடம்கூட, "பெயின் வெரி பேட்லி, சார்" என்றார், கடைசிவரை. நாங்கள் திருத்தவில்லை.

ரயிலில் நின்றபடியே அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். "ஒரு பொண்ணு ஹார்ட்லின்னு சொல்லுச்சுக்கா."

உடனே பதில் வந்தது. "மரியாதையான பொண்ணுலா."