தேயிலைத் தூசியிலிருந்து ஒரு கோள்: கேமரன் மலையில் ஒரு சனிக்கிழமை

இருபத்தாறு ஆண்டுகள் பேசாமல் இருந்துவிட்டேன். போதும். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், கோள்கள் எப்படிப் பிறக்கின்றன என்று அண்மையில் காணொளி ஒன்றில் விளக்கினார். தேயிலைத் தொழிற்சாலையில் தூசி உருண்டைகளைப் பார்த்தபோதுதான் தமக்கு அது புரிந்ததாம். அவர் எந்தத் தேயிலைத் தொழிற்சாலையிலும் கால் வைத்ததில்லை. அவரிடம் ஆய்வு மாணவனாக இருந்தபோது நான்தான் அதைச் சொன்னேன்; அன்றிலிருந்து தம்முடையதாகவே சொல்லிவருகிறார். அதே காலத்தில் என் நண்பன் முனியாண்டிக்கு எழுதிய கடிதங்கள் அதற்குச் சான்று. முனியாண்டி இறந்து இரண்டு வருடமாகிறது. கடிதங்கள் இன்னும் வீட்டில் இருப்பதாக அவன் மனைவி சரசு தொலைபேசியில் சொன்னாள். எடுத்துவரக் கிளம்பினேன்.

ஈப்போவிலிருந்து காலை எட்டு மணிப் பேருந்து, 24 ரிங்கிட். வளைவுகளில் வயிறு புரட்டும். முன் இருக்கை கேளுங்கள். கோலா தெர்லாவில் காய்கறி லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, தானா ராத்தா சேர 10.50 ஆனது. அங்கிருந்து முனியாண்டி இருந்த தேயிலைத் தோட்டத்துக்கு 14 கிலோமீட்டர். டாக்சிக்கு 40 ரிங்கிட்.

"ஸ்ட்ராபெரி தோட்டத்துக்காண்ணே?" என்றார் ஓட்டுநர் ரபி.

"இல்ல, தோட்டத்து ஆளுங்க குடியிருக்கிற லயத்துக்கு."

"அங்க என்னண்ணே இருக்கு? எல்லாரும் பேக்டரிக்குப் போவாங்க, போட்டோ எடுப்பாங்க, கேக் சாப்பிடுவாங்க. அப்புறம் ஜாம்ல மாட்டிக்கிட்டு என்னைத் திட்டுவாங்க லா."

கியா பார்ம் சந்தை நெரிசலில் இரண்டு கிலோமீட்டருக்கு நாற்பது நிமிடம். நான் அவரைத் திட்டவில்லை. திட்ட வேண்டியவர்கள் பட்டியல் ஏற்கெனவே நீளம்.

முனியாண்டி வேலை செய்தது தோட்டத்துத் தொழிற்சாலையின் தூள் சலிக்கும் அறையில். காய்ந்த தேயிலையிலிருந்து நாரைப் பிரிக்க அங்கே பிளாஸ்டிக் உருளைகள் உண்டு. கம்பளித் துணியில் உரசி உரசி அவற்றில் மின்னூட்டம் ஏறும். நார் மேலெழுந்து ஒட்டிக்கொள்ளும். மழையில்லாத நாட்களில் மெஷினுக்கு அடியில் தூசியும் தானாகச் சேர்ந்து மிளகளவு உருண்டைகளாக உருளும்.

இளம் விண்மீனைச் சுற்றி வாயுவும் தூசியும் தட்டுபோலச் சுழல்கின்றன. துகள்கள் மோதி ஒட்டுகின்றன. ஆனால் மணல் அளவு வந்ததும் ஒட்டாமல் தெறிக்கின்றன. தங்கள் ஈர்ப்பாலேயே சேர வேண்டுமென்றால் குன்றளவு வளர்ந்தாக வேண்டும். நடுவில் அவற்றைச் சேர்த்துப் பிடிப்பது எது? உரசலில் பிறக்கும் மின்னூட்டமும் உதவக்கூடும் என்கிறார்கள். பிறகு, விண்மீனுக்கு அருகே வெப்பத்தில் பாறைக் கோள்கள். பனி உறையும் தொலைவில் வியாழன் போன்ற பெரியவை. பிறந்த இடத்தில் எல்லாம் நிலைப்பதுமில்லை. வேறு விண்மீன்கள் சிலவற்றின் அருகே, வியாழனையொத்த கோள்கள் நான்கே நாளில் ஒரு சுற்று முடிக்கின்றன. சில கோள்கள் வெளியே எறியப்பட்டு, எந்த விண்மீனும் இல்லாமல் அலைகின்றன. ஆய்வுலகிலிருந்து அப்படி எறியப்பட்டவன் நான் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

சரசு வாசலிலேயே நின்றிருந்தாள்.

"இப்பதான் வழி தெரிஞ்சுதாண்ணே? சாவுக்கு வரல, பதினாறுக்கு வரல. பழைய காகிதத்துக்கு மட்டும் ஓடி வந்துட்டீங்க."

கடிதங்கள் இருந்த பிஸ்கட் டின்னைத் திறந்து கொடுத்துவிட்டுத் தேநீர் போடப் போனாள். நான் தேடிய கடிதம் மேலேயே இருந்தது. தேதி தெளிவாக இருந்தது. பேராசிரியரிடம் தூசி உருண்டை பற்றிச் சொன்னேன், வியந்துபோனார் என்று முதல் நான்கு வரிகள். அதன் கீழே, என் கையெழுத்திலேயே: "இது நீ கண்டுபிடித்துச் சொன்னது, முனி. தூசிக்கே இப்படி என்றால் உலகமும் இப்படித்தானே சேர்ந்திருக்கும் என்று நீ கேட்காவிட்டால் எனக்குத் தோன்றியிருக்காது. எழுதும்போது உன் பெயரை முதலில் போடுவேன்."

இந்த வரிகளை நான் சுத்தமாக மறந்திருந்தேன். பேராசிரியரிடமும் அவன் பெயரைச் சொன்னதில்லை.

கைப்பேசியை எடுத்தேன். மேல் நான்கு வரிகள் மட்டும் தெரியும்படி படம் பிடித்தேன். தேநீரோடு பின்னால் வந்து நின்ற சரசு பார்த்துவிட்டாள்.

"கீழ இருக்கிறதையும் எடுங்கண்ணே."

டின்னின் அடியில் வாரப் பத்திரிகை ஒன்று மடித்துக் கிடந்தது. கோள்களின் பிறப்பு பற்றி நான் எழுதிய முதல் கட்டுரை. தூசி உருண்டை இருந்தது. என் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது.

"டவுனுக்கு மோட்டார் சைக்கிள்ல போய் வாங்கிட்டு வந்தாரு. உங்க லெட்டர் மாதிரியே இதையும் என்னைத்தான் படிக்கச் சொன்னாரு. ரெண்டு தடவை படிச்சேன், 'இதுல உங்க பேரு இல்லைங்க'ன்னு அவருகிட்ட சொன்னேன். 'பொடி எழுத்துல போட்டிருப்பான், நல்லா பாரு புள்ள'ன்னாரு. ரொம்ப நாள் அப்பப்போ எடுத்துப் பாத்துக்கிட்டே இருப்பாரு."

"திட்டலையா?"

"உங்களையா? அவருக்கு எங்கண்ணே திட்டத் தெரியும்?"

படத்தை அவள் எதிரிலேயே அழித்தேன். கடிதத்தை டின்னில் வைத்துவிட்டு எழுந்தேன். தேநீர் குடிக்கச் சொன்னாள், குடிக்க முடியவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: சனி, ஞாயிறு தவிருங்கள். தொழிற்சாலை திறந்திருக்கும் நாட்களை விசாரித்துக்கொள்ளுங்கள். ஈப்போவுக்கான மாலைப் பேருந்துச் சீட்டை வந்திறங்கியதும் வாங்கிவிடுங்கள். குளிரில்லை என்று யார் சொன்னாலும் ஒரு சட்டை கூடுதலாக வேண்டும்.

பேராசிரியர் மீது எனக்குக் கோபம் தீரவில்லை, தீராது. ஆனால் இந்தப் பயணக் குறிப்பின் கீழே என் பெயரைப் போட்டால், முனியாண்டிக்குச் செய்ததையே இரண்டாம் முறை செய்தவனாவேன். எழுதி முடித்து, பெயர் கேட்கும் கட்டத்தில் வெகுநேரம் விரலை வைத்திருந்தேன். காலியாகவே விட்டுப் பதிவிடுகிறேன்.