ரிவர்ஸ் மாமாவும் சாம்பல் நிறக் காரும்

ராணுவத்தில் லாரி ஓட்டியவர், இப்போது சைக்கிள்கூட ஓட்டுவதில்லை. ஓட்டுகிறவர்களுக்கு வழிதான் காட்டுகிறார். துணிக்கடைக்குப் பின்னால் கார் நிறுத்தும் இடத்தில், கழுத்தில் விசில் தொங்க, "வா, வா, வா, இடது ஒடி, போதும்" என்று நாள் முழுக்கக் கத்துவதுதான் வேலை. அதனால் தெருப் பசங்க வைத்த பெயர் ரிவர்ஸ் மாமா. நடக்கும்போதுகூட முன்னால் பார்ப்பதைவிடப் பின்னால் திரும்பிப் பார்ப்பதுதான் அதிகம் என்பதால் பெயர் பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டது.

அந்தப் பசங்க ஒருமுறை பேப்பர் பையை ஊதி அவர் முதுகுக்குப் பின்னால் 'டப்' என்று உடைத்தார்கள். துள்ளிக் குதிப்பார், துரத்துவார், சிரிக்கலாம் என்று கணக்கு. அவர் குதிக்கவில்லை. சாக்கடையோரம் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு கிடந்தார். சிரிக்கத் திறந்த வாயெல்லாம் அப்படியே நின்றன. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் பை உடைப்பதில்லை. பிறந்தநாளுக்குப் பலூன் கட்டுகிறவர்கள்கூட அடுத்த தெருவில் போய்த்தான் காற்றை இறக்குகிறார்கள்.

ரிவர்ஸ் மாமாவுக்கு எல்லார் மேலும் சந்தேகம். மீட்டர் பார்க்க வருகிறவன் ஏன் ரெண்டு தடவை எட்டிப் பார்த்தான்? "கடன் வேணுமா சார்?" என்று போனில் கேட்கிற பெண்ணை யார் அனுப்பியது? வண்டி நிறுத்தும் இடத்தில் தூணுக்குத் தூண் பழைய பைக் கண்ணாடிகளைக் கட்டி வைத்திருக்கிறார். எங்கே நின்றாலும் முதுகுப்பக்கம் தெரியவேண்டும். திருடனைப் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு என்று நினைத்து முதலாளி தட்டிக்கொடுத்தார். சட்டைப் பையிலும் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி எப்போதும் இருக்கும்.

இந்த மனசுக்கு ராணுவம் பதில் சொல்லவேண்டும் என்று, வைத்தியமும் ஓய்வூதியமும் கேட்டு அவர் மனைவிதான் விண்ணப்பம் போட வைத்தாள். மருத்துவக் குழுவும் கூப்பிட்டது. நம்ம ஆள் முகம் மழித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, மாப்பிள்ளை மாதிரி போனார். எதிரே தொப்பியும் தோளில் நட்சத்திரமுமாக ஒரு டாக்டர்.

"எப்படி இருக்கே?"

குதிகால் ரெண்டும் தானாக ஒட்டிக்கொண்டன. "நல்லா இருக்கேன் சார்!"

"தூக்கம்?"

"நல்ல தூக்கம் சார்!"

அதிகாரி கேட்டால் வேறு பதில் சொல்லி அவருக்குப் பழக்கமே இல்லை. வேறு பதில் சொன்னவன் மைதானத்தைச் சுற்றி ஓடியதைத்தான் பார்த்திருக்கிறார். 'மனநலக் குறைபாடு எதுவும் இல்லை' என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. மனைவி விடவில்லை, மேல்முறையீடு போட்டாள். இதுவும் போனால் ராணுவ ஆஸ்பத்திரி மனநலப் பிரிவின் கதவு மூடியது மூடியதுதான். வைத்தியமும் கிடையாது, ஓய்வூதியமும் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் சாம்பல் நிறக் கார் வந்தது. தினமும் வரும், ஓரமாக நிற்கும். உள்ளே இருக்கிறவர் இறங்கமாட்டார், கடைக்குப் போகமாட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரிவர்ஸ் மாமாவையே பார்த்துக்கொண்டிருப்பார். சாயங்காலம் ஆனதும் கிளம்பிவிடுவார்.

"ராணுவ ஆபீஸ்ல அனுப்பின ஆளு," என்றார் மனைவியிடம், குரலைத் தணித்து. "எனக்கு நிஜமாவே நோவா, நடிக்கறேனான்னு வேவு பாக்கறான்."

"அப்ப நீங்க என்ன செஞ்சீங்க?"

"நிமிந்து நின்னேன்."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "உடம்பு சரியில்லன்னு காட்ட வேண்டிய நேரத்துல பரேடு காட்டிட்டு வந்திருக்கீங்களே! நல்லா இருக்கும் உங்க கேஸு."

வீட்டில் ஒத்திகை ஆரம்பமானது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, "எப்படிப்பா இருக்கே?" என்பாள். "சத்தம் கேட்டா நெஞ்சு அடைக்குது. தூங்கி எத்தனையோ வருஷம் ஆச்சு," என்று அவரும் அழகாகச் சொல்வார். சரி, தேறிவிட்டார் என்று அவருடைய பழைய தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டாள்.

"நல்லா இருக்கேன் சார்!"

"யோவ், நான் உன் பொண்டாட்டிய்யா!" கோபத்தில் மரியாதை பறந்துவிட்டது. தொப்பி பரண்மேல் போய் விழுந்தது.

விசாரணை நாளன்று மனைவியோடு தாழ்வாரத்துக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றார். பெஞ்சின் கோடியில் சாம்பல் நிறக் கார்க்காரர் உட்கார்ந்திருந்தார்.

"பாத்தியா? எனக்கு எதிரா சாட்சி சொல்ல வந்திருக்கான்."

"சும்மா இருங்க, கூப்பிடறாங்க."

உள்ளே நீளமான மேசை, அதற்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த டாக்டருக்கும் தொப்பி இருந்தது, நட்சத்திரமும் இருந்தது. இந்தப் பக்கம் ஒரே நாற்காலி, கதவுக்கு முதுகு காட்டிக் கிடந்தது. ரிவர்ஸ் மாமா அதைத் திருப்பிப் போடப் பார்த்தார். "அப்படியே உக்காருங்க," என்றார் ஓரத்தில் இருந்தவர். உட்கார்ந்தார். உட்கார முடியவில்லை. கை சட்டைப் பைக்குள் போய் வட்டக் கண்ணாடியை எடுத்தது. தண்ணீர் டம்ளர் மேல் சாய்த்து, கதவு தெரிகிறமாதிரி வைத்துக்கொண்டார்.

"எப்படி இருக்கே?"

"நல்லா இருக்கேன் சார்!"

"தூக்கம்?"

"நல்ல தூக்கம் சார்!" வாய் டாக்டருக்குப் பதில் சொன்னது. கண் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

டாக்டர் பேனாவால் கண்ணாடியைக் காட்டினார். "அது எதுக்கு?"

"பின்னாடி வர்ற வண்டி தெரியணும் சார்."

"இங்க எந்த வண்டி?"

ஒத்திகையில் இல்லாத கேள்வி. இதற்கு மைதானத்தில் பழகிய பதிலும் இல்லை.

"என் கூட்டாளி லாரி சார். எனக்குப் பின்னாடியே வந்துட்டிருந்தான். கண்ணாடியில பாத்தேன், கைய ஆட்டினான். ஒரு நிமிஷம் ரோட்டப் பாத்துட்டு மறுபடி பாத்தா லாரி இல்ல. புகைதான் இருந்துச்சு. எது நடந்தாலும் நிறுத்தக் கூடாதுன்னு உத்தரவு சார். ஓட்டிட்டே போயிட்டேன்."



"இப்ப எப்படி இருக்கே?" என்றார் டாக்டர், மெதுவாக.

"நல்லா இருக்கேன் சார்."

டாக்டர் குனிந்து எழுத ஆரம்பித்தார். எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். 'நல்லா இருக்கேன்'ங்கிற ரெண்டு வார்த்தைக்கு இவ்வளவு எழுத என்ன இருக்கிறது? ரிவர்ஸ் மாமாவுக்கு அதுவும் சந்தேகமாகவே இருந்தது.

வெளியே வந்ததும் சாம்பல் நிறக் கார்க்காரர் வழிமறித்தார். முகம் வெளிறியிருந்தது. "உள்ள என்னைப் பத்தி என்ன சொன்னீங்க?"

"உங்களப் பத்தி நான் என்னத்த சொல்றது? நீங்கதானே ஆபீஸ் ஆளு!"

"நானா? விசில வச்சிக்கிட்டு, தூணுக்குத் தூண் கண்ணாடி கட்டி என்னையே பாத்துட்டு நின்னது யாரு? உங்களத்தான் ஆபீஸ்ல அனுப்பியிருக்காங்கன்னு நான் வேர்த்து விறுவிறுத்து உக்காந்திருக்கேன். என் அப்பீலும் இன்னிக்குத்தான்."

ரிவர்ஸ் மாமாவின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். அவள் தோள் குலுங்கியது.

"அவ்வளவு பயம்னா எதுக்கு தினம் அங்கயே வந்தீங்க?" என்றார் ரிவர்ஸ் மாமா.

கார்க்காரர் தரையைப் பார்த்தார். "அங்கதான் நாலு பக்கமும் தெரியுது."

உள்ளேயிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். ரிவர்ஸ் மாமா சட்டென்று வட்டக் கண்ணாடியை எடுத்து அவர் கையில் திணித்தார். "நாற்காலி கதவுக்கு முதுகு காட்டிக் கிடக்கு. டம்ளர் மேல சாய்ச்சு வச்சுக்கங்க. வெளிய வரும்போது திருப்பித் தந்துடணும்."

கதவு மூடியது. வெறும் சட்டைப் பையோடு நின்றவருக்குப் பின்கழுத்து கூசியது. மனைவி நகர்ந்து அவருக்குப் பின்னால் போய் நின்றாள்.

"நான் பாத்துக்கறேன். நீங்க முன்னாடி பாருங்க," என்றாள்.

உள்ளே போனவரை வேறு வாசல் வழியாக அனுப்பிவிட்டார்கள். கண்ணாடி திரும்பி வரவில்லை. "அப்பவே நினைச்சேன், திருட்டுப்பய," என்று வழியெல்லாம் முணுமுணுத்தார். சாம்பல் நிறக் காரும் அதற்குப் பிறகு வரவில்லை. ஆனாலும் அது நிற்கிற ஓரத்தில் வேறு வண்டியை அவர் விடவில்லை.

மேல்முறையீடு ஜெயித்தது. அவர் நம்பவில்லை. "சும்மா குடுப்பாங்களா? இதுல ஏதோ திட்டம் இருக்கு."

"ஆமா, உங்களத் தூங்க வைக்கத் திட்டம். செருப்பப் போடுங்க."

ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் நிற்க இடமில்லாத கூட்டம். சுவரை ஒட்டிய நாற்காலிகளுக்குத்தான் அங்கே அடிதடி. யாருக்கும் பின்னால் ஆள் உட்காரப் பிடிக்காது. ரிவர்ஸ் மாமா சந்தேகத்தோடு சுற்றிலும் பார்த்தார். சுவரோரம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதன்மேல் இடம் பிடிக்க, துண்டுக்குப் பதிலாக, ஒரு சின்ன வட்டக் கண்ணாடி. பக்கத்து நாற்காலியில் சாம்பல் நிறக் கார்க்காரர்.

"வா, வா, வா," என்றார் அவர். "இடது ஒடி. போதும்."